இரத்தப் புற்றுநோய்கள்: மருத்துவமனைப் பதிவேடு எதை எண்ணுகிறது, எதை எண்ணுவதில்லை

இரத்தம், எலும்பு மஜ்ஜை, நிணநீர் மண்டலம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் பொதுவாக இரத்தப் புற்றுநோய்கள் எனப்படுகின்றன. இவற்றுள் எந்த வகை எத்தனை பேருக்கு வருகிறது, எந்த வயதில் வருகிறது, சிகிச்சைக்குப் பின் அவர்கள் எவ்வளவு காலம் நலமாக உள்ளனர் என்பனவற்றை அறிய மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பதிவேடுகள் பராமரிக்கப்படுகின்றன.

மஜ்ஜைப் பரிசோதனை முடிந்து நோய் இன்னதென்று உறுதியான பின்னர், ஊழியர் ஒருவர் நோயாளியிடமோ உடன் வந்தவரிடமோ சில கேள்விகளைக் கேட்பதுண்டு. எந்த ஊர், அங்கு எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறீர்கள், முதன்முதலில் எந்த மருத்துவமனையில் பார்த்தீர்கள் என்பன அவற்றுள் சில. கவலையோடு அமர்ந்திருக்கும் குடும்பத்தினருக்கு இக்கேள்விகள் தேவையற்றவையாகத் தோன்றலாம். அவை எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதையும், "எங்கள் ஊரில் மட்டும் இந்நோய் அதிகமாக இருக்கிறதா?" என்று கிராமங்களில் அடிக்கடி எழும் ஐயத்திற்கு அப்பதிவேடு எந்த அளவுக்கு விடை தரும் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

எண்ணப்படும் நோய்கள் எவை?

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. லுக்கேமியா எனப்படும் வெள்ளணுப் புற்றுநோய், லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய், பிளாஸ்மா அணுக்களில் தோன்றும் மல்டிபிள் மைலோமா ஆகிய மூன்றும் இதன் பெரும் பிரிவுகள். லுக்கேமியா, விரைந்து பெருகும் தீவிர வகை, மெதுவாக வளரும் நாட்பட்ட வகை என்றும், அணுக்களின் மரபைக் கொண்டு லிம்பாய்டு, மைலாய்டு என்றும் பிரிக்கப்படுகிறது. லிம்போமா, ஹாட்ஜ்கின் வகை, ஹாட்ஜ்கின் அல்லாத வகை என இரண்டாகும். ஹாட்ஜ்கின் அல்லாத வகைக்குள் மட்டும் பல பத்து உட்பிரிவுகள் உள்ளன.

உலக அளவில் 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா ஏறத்தாழ 5.5 இலட்சம் பேருக்கும், லுக்கேமியா ஏறத்தாழ 4.9 இலட்சம் பேருக்கும், மைலோமா ஏறத்தாழ 1.9 இலட்சம் பேருக்கும், ஹாட்ஜ்கின் லிம்போமா ஏறத்தாழ 82 ஆயிரம் பேருக்கும் புதிதாகக் கண்டறியப்பட்டன. இந்தியாவில் அதே ஆண்டில் எல்லா வகைப் புற்றுநோய்களும் சேர்ந்து சுமார் 14 இலட்சம் புதிய நோயாளிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அத்தொகையில் இரத்தப் புற்றுநோய்களின் பங்கு சிறிது. குழந்தைகளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. நாட்டின் 96 மருத்துவமனைகளிலிருந்து 2012 முதல் 2019 வரை திரட்டப்பட்டு 2021இல் வெளியான மருத்துவமனைப் பதிவேட்டு அறிக்கையில், 14 வயதுக்குட்பட்டோரின் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி லுக்கேமியாவாகவே இருந்தது. சிறுவர்களில் 46.4 விழுக்காடு, சிறுமியரில் 44.3 விழுக்காடு. குழந்தைகளுக்கு வரும் லுக்கேமியாவில் பெரும்பகுதி தீவிர லிம்பாய்டு வகையாகும். முறையான சிகிச்சையை இடைநிறுத்தாமல் முடித்தால் இவ்வகையில் முழுக்குணம் பெறும் வாய்ப்பு நன்றாகவே உள்ளது.

பதிவேட்டில் ஒரு நோயாளி இடம்பெறும் முறை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1982ஆம் ஆண்டிலிருந்து தரவுகள் திரட்டப்பட்டு வருகின்றன. பெங்களூருவில் உள்ள தேசிய நோய்த் தகவலியல் ஆய்வு மையம் இப்பணியை ஒருங்கிணைக்கிறது.

பதிவேட்டில் பயன்படும் குறியீடுகள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. புற்றுநோய் தோன்றிய உறுப்புக்கு ஓர் எண், அணுவின் தன்மைக்கு ஓர் எண் என இரண்டு எண்கள் இடப்படும். எலும்பு மஜ்ஜைக்குரிய எண் சி42.1. நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா, அதற்குரிய மரபணு மாற்றம் சோதனையில் உறுதியாகியிருந்தால் 9875 என்றும், மைலோமா 9732 என்றும் பதியப்படும். வகை கண்டறியப்படாத நிலையில் "லுக்கேமியா" என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டு வந்தால் 9800 என்ற எண்ணே இடப்படும். இந்த 9800 ஒரு பதிவேட்டில் எவ்வளவு குறைவாக உள்ளதோ அவ்வளவுக்கு அப்பதிவேடு பயனுடையது. வகை தெரியாத எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்த மருந்தை எவ்வளவு இருப்பு வைப்பது என்று எவராலும் திட்டமிட இயலாது.

பொதுவாக நெஞ்சகம், வாய் முதலிய உறுப்புகளின் புற்றுநோய்க்கு ஒரு சிறு திசுத்துண்டும் நுண்ணோக்கியும் போதுமானவை. இரத்தப் புற்றுநோய்க்கு அவை போதா. இரத்தப் பூச்சு, மஜ்ஜைப் பரிசோதனை, அணுக்களின் மேற்பரப்பு அடையாளங்களைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் மற்றும் மரபணுச் சோதனைகள் எனப் பல படிகள் உள்ளன. இவற்றின் முடிவுகள் வெவ்வேறு நாட்களில் வரும். முதல் சீட்டில் எழுதப்பட்ட வகை இறுதி முடிவில் மாறுவதும் உண்டு. பதிவேட்டில் இறுதி முடிவே நிற்க வேண்டும் என்பதால், ஊழியர்கள் கோப்புகளை மீண்டும் மீண்டும் புரட்டுகின்றனர்.

மருத்துவமனைப் பதிவேடும் மக்கள்தொகைப் பதிவேடும்

மருத்துவமனைப் பதிவேடு அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணுகிறது. மக்கள்தொகைப் பதிவேடு, குறிப்பிட்ட எல்லைக்குள் வசிக்கும் மக்களுள் புற்றுநோய் கண்டவர்கள் அனைவரையும், அவர்கள் எங்கு சிகிச்சை பெற்றாலும், தேடி எண்ணுகிறது. "இலட்சம் பேரில் இத்தனை பேர்" என்ற விகிதத்தை இரண்டாவது வகைப் பதிவேட்டிலிருந்து மட்டுமே கணக்கிட முடியும். ஏனெனில் அதற்கு மட்டுமே வகுப்பதற்குரிய மக்கள்தொகை உண்டு. மருத்துவமனைப் பதிவேடு தரக்கூடியது விழுக்காடு: வந்தவர்களுள் இவ்வகையினர் இவ்வளவு பங்கு.

மக்கள்தொகைப் பதிவேடுகளுள் நாட்டில் முதலாவது 1963இல் மும்பையில் தொடங்கப்பட்டது. சென்னைப் பெருநகருக்குரிய பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் நடத்தி வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்திற்கு 2003இல் ஒரு பதிவேடு தொடங்கியது. தமிழ்நாடு முழுவதையும் உள்ளடக்கும் பதிவேட்டுத் திட்டம் 2012இல் அமைந்தது. புதுச்சேரியில் புற்றுநோயாளிகள் பெருமளவில் நாடும் இடம் கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையமாகும்.

மருத்துவமனைக் கணக்கு ஏன் ஊர்க்கணக்கு ஆவதில்லை?

நோய் வந்தவர் ஒவ்வொருவரும் பெரிய மருத்துவமனையின் வாசலை வந்தடைவதில்லை. வராமல் போவோர் எல்லா வகையிலும் ஒரே அளவினராக இருப்பதுமில்லை. இதுதான் சிக்கலின் மையம்.

தீவிர மைலாய்டு லுக்கேமியா வந்த ஒரு முதியவரை எடுத்துக்கொள்வோம். சில வாரக் காய்ச்சல், சோர்வு, ஈறுகளில் இரத்தக் கசிவு. அதற்குள் நிலைமை முற்றிவிடக்கூடும். மஜ்ஜைப் பரிசோதனைக்கு முன்பே அவர் இறந்துவிட்டால் இறப்புக்குக் காரணம் "காய்ச்சல்" என்றோ "முதுமை" என்றோ எழுதப்பட்டுவிடும். அவர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை. மைலோமாவின் தொடக்க அறிகுறி பெரும்பாலும் முதுகு வலி. வயலில் குனிந்து நிமிர்ந்து உழைத்தவருக்கு முதுகு வலிப்பது இயல்பு என்று எண்ணி, தைலமும் வலிநிவாரணியுமாக மாதங்கள் கழியும். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பின்னரோ எலும்பு முறிந்த பின்னரோதான் உண்மை புலப்படும். கழுத்தில் நெறிக்கட்டி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை லிம்போமாவுக்கும் உண்டு, காசநோய்க்கும் உண்டு. காசநோய் மிகுந்த நம் நாட்டில், திசுப் பரிசோதனை செய்யாமலேயே காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, லிம்போமா பல மாதங்கள் தாமதமாகக் கண்டறியப்படுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. நாட்பட்ட லிம்பாய்டு லுக்கேமியா அறிகுறியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கக்கூடும். வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் மிகுந்திருப்பது கண்டுதான் பலருக்கு அது தெரியவருகிறது. வழக்கமாக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாத சமூகத்தில் இவ்வகை குறைவாகவே தோன்றும். மேலை நாடுகளில் வயதுவந்தோரிடையே மிகுதியாகக் காணப்படும் லுக்கேமியா இதுவே. இந்திய மருத்துவமனைகளிலோ இது குறைவு. இவ்வேறுபாட்டில் பெரும்பங்கு உண்மையானது என்றே கருதப்படுகிறது. இருப்பினும் பரிசோதிக்கப்படாமையும் ஓரளவு பங்கு வகிக்கிறது.

மறுபுறம், மருத்துவமனையின் வசதியும் கணக்கை வளைக்கும். குழந்தைகளுக்கான புற்றுநோய்ப் பிரிவு உள்ள இடத்தில் தீவிர லிம்பாய்டு லுக்கேமியா மிகுந்து காணப்படும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அங்குள்ள எண்ணிக்கையைக் கொண்டு வேலூர் மாவட்டத்தில் இரத்தப் புற்றுநோய் அதிகம் என்று கூறினால் அது பிழையாகும்.

நோயாளிகளின் வயதிலும் இவ்வெச்சரிக்கை தேவை. நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா மேலை நாடுகளில் பெரும்பாலும் 60 வயதையொட்டியும், இந்திய மருத்துவமனைகளில் 35 முதல் 40 வயதையொட்டியும் கண்டறியப்படுகிறது. இந்திய மக்கள்தொகையே இளமையானது என்பதும், முதியோர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவது குறைவு என்பதும் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்குகின்றன. குடும்பத்தில் உழைத்துப் பொருளீட்டும் வயதினரே நம் மருத்துவமனைகளில் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுகின்றனர் என்பது மட்டும் மறுக்க முடியாத உண்மை.

காத்திருப்புக் கூடத்தில் தெரியும் கூட்டம்

புறநோயாளி பிரிவில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் பராமரிப்பாளர் ஒருவர், "இங்கு வருபவர்களில் பாதிப்பேர் மாத்திரை வாங்கும் நாட்பட்ட மைலாய்டு நோயாளிகள்தாம்" என்று எண்ணக்கூடும். அவர் கண்டது பொய்யன்று. ஆனால் பதிவேடு எண்ணுவது வேறொன்றை.

இமாட்டினிப் மாத்திரை 2001இல் பயன்பாட்டுக்கு வந்த பின்னர் இந்நோய் உள்ளவர்கள் பல்லாண்டுகள் வாழ்கின்றனர். ஒவ்வொரு முறை மாத்திரை தீரும்போதும் மருத்துவமனைக்கு வருகின்றனர். ஆண்டுதோறும் புதியவர்கள் சேர, பழையவர்களும் தொடர்வதால் கூட்டம் பெருகுகிறது. தீவிர மைலாய்டு லுக்கேமியாவிலோ, சிலர் குணமடைந்து செல்கின்றனர். பலரை நாம் விரைவில் இழந்துவிடுகிறோம். ஆகவே கூடத்தில் அவர்கள் குறைவாகத் தெரிகின்றனர். பதிவேட்டில் ஒருவர் நூறு முறை வந்தாலும் ஒரு முறை மட்டுமே, நோய் கண்டறியப்பட்ட ஆண்டின் கணக்கில், எண்ணப்படுகிறார். வருகைகளின் எண்ணிக்கை மருந்தகத்துக்குத் தேவை. புதிய நோயாளிகளின் எண்ணிக்கை நோயின் போக்கை அறியத் தேவை. இரண்டையும் குழப்பினால் இரண்டு திட்டங்களும் தவறும்.

முகவரி

பண்டசோழநல்லூர், புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த கிராமம். புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன்கள் ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பாக இல்லை. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அமைந்த எல்லைகள் அப்படியே தொடர்வதால், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் பகுதிகளின் ஊர்களுக்கு இடையிடையே தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்கள் அமைந்துள்ளன. பேருந்தில் செல்பவர் எல்லையைப் பலமுறை கடந்தும் அதை உணராமல் இருப்பார். பெண் கொடுப்பதும் எடுப்பதும், குத்தகைக்கு நிலம் உழுவதும் எல்லைக்கு இருபுறமும் நடப்பவையே.

பதிவேட்டுக்கு இது பெருஞ்சிக்கல். ஜிப்மருக்கு வருவோரில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் புதுச்சேரிக் கணக்கில் சேர்த்தால் இங்கு நோய் பன்மடங்கு மிகுந்திருப்பதாகத் தோன்றும். அதேபோல, அடையாற்றிலோ வேலூரிலோ சிகிச்சை பெறும் புதுச்சேரிக்காரர் இங்குள்ள கணக்கில் சேராவிட்டால் இங்கு நோய் குறைவாகத் தோன்றும். "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு நம்மில் பலர் "பாண்டி" என்று ஒரே சொல்லில் விடையளிக்கிறோம். அந்த ஒரு சொல்லில் கொம்யூனும் கிராமமும் மறைந்துவிடுகின்றன. சிகிச்சைக்காக நகரில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர் அவ்வீட்டு முகவரியைத் தருவதும் உண்டு. அப்போது கிராமத்தில் வந்த நோய் நகரத்தின் பெயரில் ஏறிவிடுகிறது.

ஊர்ப்பெயரின் எழுத்தும் தொல்லை தருவதே. பண்டசோழநல்லூர் என்பதை ஆங்கில எழுத்துகளில் பதியும்போது, சகரத்தையும் ழகரத்தையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றனர். கணினி அவற்றை வெவ்வேறு ஊர்களாகக் கொள்ளும். ஒரே நோயாளி, பெயரெழுத்து மாறி, இரண்டு மருத்துவமனைகளில் இரு நபர்களாகப் பதிவாவதும் இவ்வாறே. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, ஊர் ஆகியவற்றை ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளை நீக்குவது பதிவேட்டு ஊழியர்களின் அன்றாட வேலை.

வகைப்பாடு மாறினால் எண்ணிக்கையும் மாறும்

பல ஆண்டுகளின் கணக்குகளை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும். 1976இல் வகுக்கப்பட்ட பழைய முறையில், மஜ்ஜையில் 30 விழுக்காடு முதிரா அணுக்கள் இருந்தால்தான் தீவிர மைலாய்டு லுக்கேமியா எனப்பட்டது. 2001இல் உலக சுகாதார நிறுவனம் அவ்வரம்பை 20 விழுக்காடாகக் குறைத்தது. அதுவரை வேறு பெயரில் இருந்த நோயாளிகளுள் ஒரு பகுதியினர் ஒரே நாளில் லுக்கேமியா கணக்கிற்கு மாறினர். மக்களின் உடலில் எதுவும் மாறவில்லை. வகைப்பாடு 2008, 2016, 2022 ஆகிய ஆண்டுகளிலும் திருத்தப்பட்டது. "இருபது ஆண்டுகளில் இவ்வளவு கூடிவிட்டது" என்ற செய்தியைப் படிக்கும்போது, கூடியது நோயா, பரிசோதனை வசதியா, பெயரிடும் முறையா என்று கேட்பது பொருத்தமானது.

"எங்கள் ஊரில் ஒரே ஆண்டில் இருவருக்கு வந்துள்ளது"

இவ்வாறு நேரும்போது குடிநீர், ஆலை, பூச்சிக்கொல்லி, கைப்பேசிக் கோபுரம் ஆகியவற்றின் மீது ஐயம் எழுவது இயல்பு. அவ்வையத்தை ஏளனம் செய்தல் முறையன்று. ஆயினும் முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம்.

விளக்கத்திற்காக, எல்லா இரத்தப் புற்றுநோய்களும் சேர்ந்து ஆண்டுக்கு இலட்சத்தில் 8 பேருக்கு வருவதாகக் கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாவட்டத்தின் மக்கள்தொகை 9,50,289. அவ்வாறெனில் மாவட்டம் முழுவதிலும் ஆண்டுக்குச் சுமார் 76 பேர். 5,000 பேர் வாழும் ஒரு கிராமத்தில் பத்து ஆண்டுகளுக்கு 4 பேர். ஆனால் அந்நால்வரும் சீரான இடைவெளியில் வருவதில்லை. தற்செயலின் கணக்குப்படி, அத்தகைய கிராமங்கள் 100 இருந்தால், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 67 கிராமங்களில் ஒருவருக்கும் வராது. 27இல் ஒருவருக்கு வரும். மீதி 6 கிராமங்களில் இருவருக்கோ அதற்கு மேலோ வரும். அந்த ஆறு ஊர்களில் வாழ்வோருக்குத் தம் ஊர் சபிக்கப்பட்டதாகத் தோன்றும். மற்ற ஊர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எனினும் எல்லாவற்றையும் தற்செயல் என்று தள்ளிவிடலாகாது. ஒரே வகை நோய், குறுகிய காலத்தில், பலருக்கு, அதுவும் அவ்வகைக்கு வழக்கமல்லாத வயதில் வந்திருந்தால் விசாரணை தேவைப்படலாம். பென்சீன் என்னும் வேதிப்பொருளும் மிகுந்த கதிரியக்கமும் லுக்கேமியாவை உண்டாக்கக்கூடியவை என்பது நிறுவப்பட்ட உண்மை. இருவருக்கு "புற்றுநோய்" என்பது போதாது. ஒருவருக்கு மைலோமா, இன்னொருவருக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா எனில் அவை வெவ்வேறு நோய்கள். ஒரே காரணத்தை அவற்றுக்குத் தேடுவதில் பொருளில்லை. ஐயம் இருப்பின், நோயின் சரியான வகை, கண்டறியப்பட்ட ஆண்டு, வயது, வசித்த காலம் ஆகிய விவரங்களுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தெரிவிக்கலாம். இரத்தப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியின் வீட்டில் புழங்குவதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

பதிவின்போது நிலையான முகவரியை, குடும்ப அட்டையில் உள்ளவாறு, கிராமம், கொம்யூன் அல்லது வட்டம், மாவட்டம் என்று முழுமையாகத் தருக. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் முகவரியைத் தனியே குறிப்பிடுக. எல்லைப்புற ஊராயின் புதுச்சேரியா தமிழ்நாடா என்பதைச் சொல்ல மறவாதீர். சிகிச்சைச் சலுகைக்காக உண்மைக்கு மாறான முகவரி தருவது, காப்பீட்டுத் திட்டங்களில் சிக்கலை உண்டாக்குவதோடு, மருந்து அனுப்பவும் தொடர்பு கொள்ளவும் இயலாமற் செய்துவிடும்.

மஜ்ஜை, ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணுச் சோதனை அறிக்கைகளின் படிகளை ஒரே உறையில் வைத்திருத்தல் நலம். முதல் மருத்துவமனையின் சீட்டையும் எறிந்துவிட வேண்டாம். நோய் முதன்முதலில் உறுதியான நாள் அதிலிருந்துதான் தெரியவரும். வேறு மருத்துவமனைக்கு மாறினால் அந்த உறையுடன் செல்லுதல், பரிசோதனைகளை மீண்டும் செய்யும் செலவையும் வலியையும் குறைக்கும்.

பதிவேட்டில் உள்ள பெயரும் முகவரியும் வெளியிடப்படுவதில்லை. அறிக்கைகளில் மொத்த எண்ணிக்கைகள் மட்டுமே இடம்பெறும். தம் நோயை ஊரார் அறியக்கூடாது என்று விரும்புவோர் அதனைப் பதிவேட்டு ஊழியரிடம் கூறி, தொலைபேசியில் யாரிடம் பேச வேண்டும் என்பதையும் குறிப்பிட்டுவிடலாம்.

சிகிச்சை முடிந்த பின்னர் மருத்துவமனையிலிருந்து நலம் விசாரித்து அழைப்பு வரக்கூடும். நோயாளி நலமாக உள்ளாரா என்ற செய்தியே, எந்தச் சிகிச்சை முறை நம் மக்களிடம் எவ்வளவு பயன் தருகிறது என்பதைக் காட்டும் ஒரே சான்று. நலமாக இருப்பவர்கள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட, அவர்களைப் பற்றிய தகவல் கிடைக்காமற் போவது பதிவேடுகளின் பெரிய குறையாகும். நோயாளி இறந்துவிட்டிருந்தாலும் அத்தகவலை, இயலும்போது, நாளுடன் தெரிவிக்கலாம். கைப்பேசி எண் மாறினால், அடுத்த முறை வரும்போது பதிவுச் சாளரத்தில் புதிய எண்ணைச் சொல்லி மாற்றிக்கொள்க.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், வெளிறிய தோற்றம், காரணமின்றித் தோன்றும் இரத்தக்கட்டுகள், ஈறுகளில் கசிவு, கழுத்து, அக்குள் அல்லது தொடையிடுக்கில் குறையாத கட்டி, இரவில் ஓயாத எலும்பு வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி முழு இரத்த அணுப் பரிசோதனை செய்துகொள்ளவும்.